ஒரு வரி இடம்

கெல்லீஸில் மழை பிடித்துக்கொண்ட பிற்பகல்.
சட்டம் கொடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்
இருபத்தொன்று கரைந்திருந்தது.
மிச்சம் மூன்றைக் கையில் பிடித்துக்கொண்டு
தில்குஷைக் குழுவின் முன் கூட்டிப்போனேன்.

யானைகவுனியில், மூன்றாம் மாடியில்,
பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை.
ஆமாம், பள்ளிக்கூடப் பைதான்.
கவிதைக்காக நான் சேர்த்ததில்லை,
பறிமுதல் பட்டியலில் இருக்கிறது:
நீல நிறம் இருநூற்றுப் பதினாறு,
ஜிப் வைக்காதவை நாற்பது.

வயது கேட்டோம்.
"பதினெட்டு" என்றான்,
பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த அதே சுருதியில்.
கோரைப்பல் ஒன்று
இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது.

மறுநாள் ஸ்டான்லியில் மணிக்கட்டைப் படமெடுத்தார்கள்.
கறுப்புத் தாளில் வெள்ளை எலும்புகள்,
ஒன்றோடொன்று இன்னும் ஒட்டாமல்,
நடுநடுவே நூல் நூலாய் இடைவெளி.
தில்லியில் இயற்றிய சட்டம்
உள்ளே நுழைய
அவ்வளவு சந்துதான் இருந்தது.
பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில்
என்று எழுதிக் கையெழுத்திட்டார் டாக்டர்.
சந்தேகம் வந்தால் பிள்ளையின் பக்கம் சாய்,
எங்களுக்கு அப்படித்தான் பாடம்.
பன்னிரண்டு என்று சாய்ந்தோம்.

வியாழக்கிழமை இரண்டாம் அமர்வு.
பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் போனை எடுக்கவில்லை.
எதிர் டீக்கடையிலிருந்து ரூபேஷ் வந்தான்,
ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி,
வாசலில் லுங்கியின் மடிப்பை இறக்கிவிட்டு.

பெயர். தகப்பன் பெயர். அடையாள மச்சம்.
தமிழில் கிளம்பிய கேள்விகள்
ரூபேஷின் வாயில் மைதிலியாய் இறங்கி
ஒற்றைச் சொல்லோடு திரும்பின.
நான்காம் பக்கத்தில் ஒரு வரி இடம் உண்டு:
குழந்தையின் விருப்பம்.
பெரும்பாலும் நாங்களே நிரப்பிவிடுவோம்.
படிக்க விரும்புகிறான்.
பெற்றோரிடம் செல்ல விரும்புகிறாள்.
வாய் திறக்காத பிள்ளைக்கும்
கைக்குப் பழகிய வாக்கியங்கள்.

ஹெப்சிபா மேடம் என் பேனாவைப் பார்த்தார்.
"அவனையே கேளுங்க."

ரூபேஷ் கேட்டான்.
தில்குஷ் வெகுநேரம் பேசினான், விரல் மடக்கி மடக்கி.
"ஏழு மாசக் கூலி மேடம். மாசம் மூவாயிரம்.
தீபாவளிக்கு ஒரு சட்டையும் சொன்னாங்களாம்,
அது வேணாங்குறான். கூலி மட்டும்."
"படிப்பு?"
"அதுக்குப் பதில் சொல்லல.
கணக்க எழுதிக்கிட்டீங்களான்னு கேக்குறான்."

அந்த வரியில் கணக்கு அடங்கவில்லை.
தாளைத் திருப்பி, ஓரத்தில், செங்குத்தாய் எழுதினேன்:
இருபத்தோராயிரம். சாப்பாட்டுக்கென்று பிடித்ததைக் கழிக்காமல்.
எனக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி,
அதற்கு இந்தப் படிவத்தில் ஓரம்கூடக் கிடையாது.
தொழிலாளர் துறைக்கு ஒரு நகல்,
காவல் நிலையத்துக்கு ஒன்று,
மதுபனிக்கு ஒன்று.
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் வரும்வரை
சட்டம் என்னோடு கூரையடியில் ஒதுங்கி நின்றது.

மொழிபெயர்த்தவர் கையெழுத்து, வயது.
ரூபேஷ் பெயரை இந்தியில் எழுதினான்,
வயதில் நின்றான்.
"இருபது இருக்கும்."
"மெட்ராஸ் வந்து எவ்வளவு நாளாச்சு?"
யாரோ பழக்கத்தில் கேட்டுவிட்டார்கள்.
"ஒம்பது வருசம்."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடிந்தது.
யாரும் கழித்துப் பார்க்கவில்லை,
அல்லது
எல்லோரும் பார்த்துவிட்டோம்.

"டீ எத்தன மேடம்?" என்றான்.

தைக்கு முன் ஒரு பதில் வந்தது:
ஓரத்தில் எழுதியிருப்பது தெளிவாக இல்லை,
மீண்டும் அனுப்பவும்.
அனுப்பியிருக்கிறேன்,
இந்த முறை தனித்தாளில்.
கூலி என்ற சொல்லை மட்டும்
இரண்டு கோடு நோட்டில் எழுதுவதுபோல்
மேல்கோடும் கீழ்கோடும் தொட,
பெரிதாக.