ஒரே அச்சில் வார்த்தவை

சுத்தியலின் தலை பிளாஸ்டிக்.
சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போவேன்.
டங் என்றால் நலம்.
தொப் என்றால் உள்ளே தண்ணீர்.
பழைய படகு வாங்குகிறவர்களுக்கு
அறிக்கை எழுதித் தருவது என் பிழைப்பு.
கருத்துக்குக் கூலி கிடையாது,
ஆகவே கருத்தும் கிடையாது.

ஹாப்சாலுவில் அக்டோபர்.
கீழைக்காற்று விரிகுடாவை வெளியே தள்ளிவிட்டிருந்தது,
கரையெங்கும் சேற்று வாடை.
கட்டைகளின் மேல் இரண்டு பாய்மரப் படகுகள்,
எண்பத்து மூன்றாம் வருடம்,
இருபத்தாறு அடி, ஒரே அச்சு.
ஒன்று பந்தயத்துக்குப் போனது.
ஒன்று ஊர் சுற்றப் போனது.
இப்போது
அக்கா தங்கை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

லேலோவுக்கு முதலாவது வேண்டும்.
புதன் மாலைப் பந்தயங்களில் ஏழு வருடம்
அடுத்தவர் படகில் கயிறு இழுத்துக் கை காய்த்தவள்.
ரைவோவுக்கு இரண்டாவது.
பள்ளியில் புவியியல் நடத்துகிறவன்,
கரும்பலகையில் வரைந்த தீவுகளில் பாதியில்
கால் வைத்ததில்லை.
சேமிப்பு ஒன்று, கடன் ஒன்று, படகும் ஒன்றுதான்.

பந்தயக்காரியின் வயிற்றில் ஒன்றுமில்லை.
கதவைக் கழற்றியிருந்தார்கள், எடை.
அடுப்பைக் கழற்றியிருந்தார்கள், எடை.
கழிப்பறை இருந்த இடத்தில் ஒரு வாளி,
வாளிக்குக் கைப்பிடி இல்லை,
அதுவும் எடையோ என்னவோ.
ஆறு வின்ச்சும் எண்ணெய் மினுக்கத்தில்.
பாய்கள் பழுத்து, மடித்தால் அப்பளமாய் நொறுங்கின.
உடல் முழுக்க டங் டங்,
குளிர்காலமெல்லாம் கூரைக்குள் தூங்கிய உடல்.
ஆனால் ஈயப் பாரத்தின் பின்முனையில், தரைப்பலகைக்கு அடியில்,
மயிரிழை விரிசல்:
எங்கோ ஒரு பாறைத்திட்டின் மேல்
அரை நிமிடம் மிச்சம்பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.
விற்கிறவர் பல் மருத்துவர், ஹெல்வே.
"அது பெயின்ட்" என்றார்.
பல்லில் இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்கவில்லை.

மற்றவள் பாரம் சுமந்தே பழகியவள்.
நீர்க்கோட்டை நாலு விரல் உயர்த்திப் பூசியிருந்தார்கள்,
பெல்ட்டில் புது ஓட்டை போடுவதுபோல்.
திரைச்சீலையில் பூஞ்சை. மண்ணெண்ணெய் வாடை.
மூன்று நங்கூரம், நான்காவதற்குச் சங்கிலி.
முன்தளத்தில் தொப். தொப். தொப்.
ஈரமானியின் முள்
வலப்பக்கம் சாய்ந்து படுத்தேவிட்டது.
மெத்தைக்கடியில் ஒரு குறிப்பேடு, பென்சில் எழுத்து:
"மூடுபனி. இரண்டாம் நாளும். மாவு தீர்ந்தது.
பக்கத்துப் படகில் கேட்டேன்.
அவர்களிடம் உப்பு இருந்தது, வாங்கிக்கொண்டேன்."
ரைவோ அதை இரண்டு தடவை படித்தான்.
லேலோ பெரிய பாயின் ஓரத்தை உருவிப் பார்த்து
"இதையும் ஜன்னலுக்கே மாட்டலாம்" என்றாள்.

வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள்,
கல்யாணம் பண்ணிப் பார்த்தவர்கள்,
ஏணியடியில் நின்று
மிகத் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.
நான் ஈரமானியைத் துடைத்தேன்,
ரொம்ப நேரம்.

கடைசியில் லேலோ கேட்டாள்:
"நீங்களாக இருந்தால் எது?"
விரிசலுக்கு இரண்டாயிரம், தளத்துக்கு மூவாயிரம் என்றேன்.
அது பதில் இல்லை என்றாள்.
ஆமாம் என்றேன்.

ஜூனில், வோர்ம்சி தீவுக்குப் போகிற பெர்ரியில்,
தண்டவாளத்தை ஒட்டி நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.
கீழே அந்த உயர்ந்த நீர்க்கோடு.
கம்பியில் போர்வை காய்ந்தது.
பாய் மட்டும் புத்தம் புதிது,
மடிப்புத் தடம் இன்னும் கலையவில்லை.
முன்னால் ஸ்வீடன் கொடியோடு ஒரு பெரிய படகு,
தனக்குப் போட்டி இருப்பதே தெரியாமல்
போய்க்கொண்டிருந்தது.
ரைவோ, புவியியல் வாத்தியார் ரைவோ,
பல்லைக் கடித்துக்கொண்டு
அங்குலம் அங்குலமாக வின்ச்சைச் சுற்றினான்.
சுக்கான் பிடியைத் தொடையால் அணைத்தபடி
லேலோ உருளைக்கிழங்கு சீவினாள்,
தோலை எட்டிப் பார்க்காமல் கடலில் போட்டாள்.
அவர்கள் முந்தினார்களா என்று பார்ப்பதற்குள்
பெர்ரி திரும்பிவிட்டது.