இடுப்பளவு புல்

செயலாளர் அம்மாவுக்கு,
மகிழடித்தீவு மைதானத்து வாத்துகள் பற்றிக்
கேட்டிருந்தீர்கள்.

முப்பத்தொன்று.
வாழ்வாதாரம் என்று ஏதோ நிறுவனம்
ஆளுக்கு நான்காய்க் கொடுத்துப் படம் எடுத்தது.
நிறுவனம் போய்விட்டது. வாத்து போகவில்லை.
விக்கெட் நடுவே எச்சம்.
ஓடி வந்து பந்து போட்ட டிலோஜன்
வழுக்கி விழுந்து முழங்கை பிசகியபின்
ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

நெல்லில் மருந்து கலக்கலாம் என்றார் அழகையா.
வாத்துக்கறி தின்னாதவர், சொல்லுவார்.
வெடி கொளுத்தலாம் என்றது கழகம்.
கொளுத்தினோம். ஒரேயொரு வெடி.
வாத்துகள் வாவிக்குள் இறங்கிக்
கால் மணித்தியாலத்தில் திரும்பின.
வீதியால் போன தெய்வானைப்பிள்ளை
சைக்கிளைப் போட்டுவிட்டு மதகடியில் குந்தியவர்
இருட்டும்வரை எழும்பவில்லை.
அதோடு வெடி இல்லை.

பழைய சீடீக்களைக் கயிற்றில் தொங்கவிட்டேன்.
இரண்டு நாள் பயந்தன.
மூன்றாம் நாள் அதில் முகம் பார்த்தன.
பாண் போட வேண்டாம் என்று பலகை எழுதினேன்.
பலகை நிழலில் இருந்தே போடுகிறார்கள்.

பிறகு ஒரு விடியலில் கண்டேன்:
தண்ணீரால் ஏறும் வாத்து
முதலில் கழுத்தை நீட்டி
மைதானம் முழுக்கப் பார்க்கிறது.
மறைவு எதுவும் இல்லையென்றால்தான்
தலையைக் குனிகிறது.

புல்வெட்டும் மெசினை நிறுத்தினேன்.
வாவிக்கரையோரம் பத்து முழ அகலம்
சும்மா விட்டேன்.
மாரி மழைக்கு இடுப்பளவு வந்தது.
வாத்துகள் வந்தன.
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று
தெரியாமல் நின்றன.
திரும்பிப் போயின.

அம்மா,
இடுப்பளவு புல்லின் முன்னால்
அப்படி நின்றவன் நான்.
காற்றுத்தான் அசைக்கிறது என்று
காலுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.
ஒன்றையும் அடிக்கவில்லை,
ஒரு முட்டை உடையவில்லை,
வதையில்லாத வழி என்று
நீங்கள் மேலிடத்துக்கு எழுதலாம்.
நான் எழுதமாட்டேன்.

இருபத்தெட்டு இப்போது
அறுவடை முடிந்த வட்டையில் மேய்கின்றன.
கால் நொண்டும் கிழ ஆண் வாத்து ஒன்றும்
அதை விட்டுப் பிரியாத இரண்டும்
இன்னும் கரையில் நிற்கும்.
வடக்கு மூலையில், ஸ்கோர் பலகைக்குப் பின்னால்,
ஒரு முழம் புல்லை வெட்டிவிட்டிருக்கிறேன்.
அந்தப் பக்கம் முழுக்கத் தெரியும்.
கணக்காய்வுக்காரரிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

கயிறு, பலகைக்குப் பெயின்ற்:
ஆயிரத்து முந்நூறு ரூபாய்.
பற்றுச்சீட்டு இணைத்துள்ளேன்.