கேத்தி பாலாடா, இரவு இரண்டு மணி

சொறிந்தால் தோல்தான் கிழிகிறது.
அரிப்பு அதற்கும் உள்ளே
விழித்தே கிடக்கிறது.

ஆகவே ராத்திரி வேலை கேட்டு வாங்கினேன்.
கேரட் கழுவும் மெஷின் சுற்றும்போது
முழங்கை வரை கை விடலாம்.
மற்றவர்கள் சபிக்கும் தண்ணீர்.
எனக்கு அதுதான் தூக்கம்.

"பித்தமா? எலுமிச்சம்பழம் பிழிந்து குடி"
என்கிறாள் பெள்ளியம்மா.
கூடினதில்லை அக்கா, போக வழியில்லை.
பர்லியாறில் மண் சரிந்த அன்று
நம் லோடு நின்ற இடத்திலேயே
மூட்டைக்குள் அழுகினதே, அந்த மாதிரி.

ஊட்டி டாக்டர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்:
கேரட் நிறையத் தின்பீர்களோ?
கோவை டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
எத்தனை கேரட் தின்றாலும்
கண் மஞ்சளாகாதாம்.

காலையில் மாத்திரை.
நாலு மணி நேரம் விட்டு பொட்டலத்துப் பொடி,
ஆற்று மணலைக் கரைத்துக் குடிப்பது போல.
சரியாகுமா என்று கேட்பதைப்
போன தையோடு விட்டாயிற்று.
இப்போது கேட்பது
ரத்தத்தில் எவ்வளவு என்ற எண் மட்டும்.

தவராஜ் வாரம் இரண்டு முறை
என் நகங்களை வெட்டிவிடுகிறார்,
சதை தெரிய, ஒட்ட,
மின்கட்டணம் பற்றித் திட்டிக்கொண்டே.
ஒரு நகத்தையும் விடுவதில்லை.

லாரி கிளம்பியதும் வெளிச்சம் வரும்.
புல்லெல்லாம் உறைபனி.
செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மேல் ஏறி நிற்கிறேன்.

"அடியே, சளி பிடிக்கப்போகுது!"

பிடிக்கட்டும் அக்கா.
அது ஒரு வாரத்தில் போய்விடும்.