மூன்றாம் பக்கம்

நவீன வரலாறு, கலைச்சொற்கள், உயர்தரம்.
குணவடிவேல் மாஸ்டரின் கையெழுத்து
மழைக்கு முன் இடம் மாறும் எறும்பு வரிசை.
"முன்னுக்கும் பின்னுக்குமா ஒரே தாளிலை அடக்கும்,
நூற்றிருபது கொப்பி,
நாலு மணிக்கு வகுப்பு."

நாவலர் வீதிக் கடையில்
நானும் ஒரு மெஷினும். அதற்கும் இருமல்.

இறைமைக்கு ஐகாரம் விடுபட்டது, திருத்தினேன்.
ஒற்றையாட்சி ஒரு வரியில் முடிந்தது.
சமஷ்டிக்கு மாஸ்டர் மூன்று வரி எழுதி
இரண்டை வெட்டியிருந்தார்.
ஒப்பந்தம்: இரு தரப்பு உடன்பாடு.
பக்கத்தில் பென்சிலால், 'கிழித்தவை தனியாக'.

எங்கள் வீட்டில் தரப்படுத்தல் என்றால் பெரியப்பா.
ஆறு மார்க்கால் டொக்டர் ஆகாமல்
ஆயுள் முழுக்கத் தபால் கந்தோரில்
முத்திரை குத்தியவர்.
பொருளாதாரத் தடை எனக்கு ஒரு நூல்:
ஒரு சவர்க்காரத்தை அறுத்து
நாலு வீடு குளித்த நூல்.

இடம்பெயர்வு.
உதாரணம், தொண்ணூற்றைந்து ஐப்பசி.
நாவற்குழிப் பாலத்தில் எனக்கு ஏழு வயது,
ஒரு கால் செருப்பு.
விரல்கள் தாமாகவே அடித்தன.

அப்போதுதான் ஜெஸீமா அக்கா உள்ளே வந்தா,
காணி உறுதி, நாலு கொப்பி.
சோனகதெருவில் பாதிச் சுவர் நிற்கிறது,
அது தன்னுடையதென்று
இன்னும் ஒரு கந்தோருக்குக் காட்டவேண்டும்.
மெஷின் சூடாகும்வரை திரையைப் படித்தா,
மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல்.
"இதிலை எங்கடை சொல்லு எது பிள்ளை?"

இடம்பெயர்வைக் காட்டினேன்.
"அது நீங்கள் போனது."
கோபமில்லை. சந்தையில் விலை கேட்கும் குரல்.
"நாங்கள் பெயரேல்லை.
ரெண்டு மணித்தியாலம் தந்தாங்கள்.
உம்மா காதைத் தடவித் தடவி நடந்தா,
தோடு இருந்த இடத்தை.
ஸ்பீக்கரிலை சொன்னதும்
இதே தமிழிலைதான்."

தொண்ணூறு ஐப்பசி.
அதே மாதம், ஐந்து வருடம் முந்தி.
அப்போது எனக்கு இரண்டு வயது என்று
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.
மோட்டார் சைக்கிள் சத்தம். பிறகு அது நின்றது.
"பாடத்திட்டத்திலை இல்லையே," என்றார்.
பிறகு, "இடமிருக்கோ?" என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை,
அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.

வெளியேற்றம் என்று அடித்து
வரிசைப்படுத்தும் பொத்தானை அமுக்கினேன்.
அகரவரிசைக்கு ஒருவரிடமும் பயமில்லை.
விடுதலைக்கு நேர் கீழே
போய் இருந்தது அந்தச் சொல்.

ஒரு சொல்தான், மூன்றாம் பக்கம் தொடங்கிவிட்டது.
நூற்றிருபது தாள் மேலதிகம்.
பில்லில் போடப்போவதில்லை.

விளக்கம் என்ற கட்டம் வெறுமையாகத் துடிக்கிறது.
'அவர்கள்' என்று தொடங்கினேன். அழித்தேன்.
'நாங்கள்' என்று தொடங்கினேன்.
அழித்தேன்.
எழுவாய் இல்லாமலும் தமிழில் எழுதலாம்,
எத்தனையோ பேர் எழுதித் தப்பியிருக்கிறார்கள்.

ஜெஸீமா அக்கா சில்லறை எண்ணுகிறா.
மணி மூன்றே முக்கால்.
மெஷின் சூடாகி நிற்கிறது.