பதினான்காவது பந்து

சினான்டேகாவில் கரும்பு வெட்டும் மாதம்.
எரித்த தோட்டங்களின் சாம்பல்
விளக்குக் கம்பங்களுக்கடியில் கறுப்புத் துரும்பாய் இறங்குகிறது.
ஒன்பதாவது இன்னிங்ஸ். குந்தியிருக்கிறேன்.
முட்டிக்குள் யாரோ உப்பு அரைக்கிறார்கள்.

மேட்டில் எலீசியோ ஒபாண்டோ.
பந்தில் நூற்றெட்டுத் தையல்.
இருட்டில் தன் வீட்டுச் சுவரைத் தடவி நடப்பவன்போல்
அவன் விரல் அவற்றில் நடக்கும்.
நடுவிரல் நகம் பாதி பிளந்திருப்பது
அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சேதி.

எதிரே நோர்வின் தினோகோ,
சர்க்கரை ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து
சாப்பிடாமல் வந்தவன்.
ஈரத்துணியைப் பிழியப்போகிறவன் பிடிப்பதுபோல்
மட்டையைப் பிடித்திருக்கிறான்.
பிழிவதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல்.

நேரம் இல்லை.
பந்து அவன் கையை விட்டு என் கையுறைக்கு வர
ஒரு தும்மல்கூட ஆகாது.
பாதி வழி பார்க்கலாம்.
மீதியை உடம்பு தானாகத் தீர்மானிக்கும்.

கணக்கு முழுசாகிவிட்டது.
மூன்றாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான், ஓடத் தயாராக.
ஏழாவது பந்து வேலிக்கு வெளியே.
எட்டாவது, கேசில்லோ விற்கிறவள் கூடைக்குப் பக்கத்தில்;
அவள் எங்கள் மூவரையும் சேர்த்துத் திட்டினாள்.
ஒன்பது, பத்து. எல்லாம் எல்லைக்கு வெளியே,
எல்லாம் மயிரிழை தாமதம்.
அடிக்கும் ஒவ்வொரு முறையும்
நோர்வின் வாய்க்குள் எதையோ மென்று விழுங்கினான்.
வீசும் ஒவ்வொரு முறையும்
எலீசியோவின் முழங்கைக்குள் கயிறு
ஒரு புரி விட்டது.
எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
வீசி முடித்ததும் கையைப் பார்க்கிறான்,
கடன்காரன் வருகிறானா என்று தெருவைப் பார்ப்பதுபோல்.

பன்னிரண்டுக்கு இரண்டு விரல் நீட்டினேன். வளைவு.
மாட்டேன் என்று தலையசைத்தான்.
வளைவுக்கு முழங்கை கேட்கும் கூலி அதிகம்.

பதின்மூன்று நேரே மேலே போனது.
முகமூடியை வீசிவிட்டு எழுந்தேன்.
என் தலைக்கு மேலே, எனக்கே எனக்காக
வெள்ளையாய் ஒரு பந்து,
அதைச் சுற்றி ஆயிரம் கறுப்புத் துகள்.
ஒன்று கண்ணில் விழுந்தது.
பந்து கையுறை விளிம்பில் பட்டு மண்ணில் விழுந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
நோர்வின் என் முகமூடியை எடுத்துத் தந்தான்.

மறுபடி இரண்டு விரல்.
இம்முறை எலீசியோ ஒப்புக்கொண்டான்.
மேசை விளிம்பிலிருந்து உருளும் ஆரஞ்சுபோல்
அது வந்தது, தயங்கியது, விழுந்தது.
நோர்வினும் தயங்கினான், அதே அளவு.
மட்டை முறிந்தது. நல்ல அடியின் சத்தமல்ல,
பச்சை விறகின் சத்தம்.
இரண்டாம் தளத்துக்குப் பின்னால்
யாரும் நிற்காத புல்லில் பந்து சும்மா விழுந்தது.
ஆட்டம் முடிந்தது.

இருவருமே சரியாகச் செய்தார்கள்.
பந்துக்கு அது தெரியாது.

பிறகு ஒரே லாரிக்காகக் காத்திருந்தோம்.
எலீசியோவின் வலது கை மடியில் கிடந்தது,
வேறு யாருடையதோபோல்.
நோர்வினின் உள்ளங்கைகள் தோலுரிந்து விரிய மறுத்தன.
சோடா பாட்டில்களை
இருவருக்கும் திறந்துகொடுத்தேன்,
தவறவிட்ட கையால்.