லக்கேஜ் டிக்கெட்

இரண்டாம் பரிசு என்று
ஆளுயரச் செக் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.
அட்டை. ஐம்பதாயிரம். கீழே மூன்று கையெழுத்து.
அசல் பொறவு கொரியரில் வருமாம்.
மேடையில் பெயர் வாசித்தவர்
வேலாத்தாள் என்றதும் நிறுத்தி
வயதான ஒருத்தியைக் கூட்டத்தில் தேடினார்.
'நம்பிக்கை தரும் இளம் ஓவியர்' என்று
பின்னால் பேனரில் எழுதியிருந்தது.

காந்திபுரத்தில் திருப்பூர் பஸ்.
செக் படியில் நுழையவில்லை.
சாய்த்து, படுக்கவைத்து,
கண்டக்டர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.
"இதுக்கு லக்கேஜ் போடோணுமுங்க."
போட்டார். பதினெட்டு ரூபாய்.

பக்கத்து சீட்டு அம்மா மடியில் தூங்கும் பையன்.
"லோனுங்களா கண்ணு?"
இல்லைங்க, படத்துக்கு.
"சாமி படமுங்களா?"
மேசைத் துணிங்க.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது.
பதினாறு அடி பிரிண்டிங் மேசை.
பனியனை விரித்து, ஸ்கிரீன் வைத்து, இழுத்து,
ஷிப்டுக்கு எண்ணூறு.
தப்பி இறங்கும் சாயமெல்லாம்
அடித்துணிக்குப் போகும்.
டச்சுப் பாப்பாக்களின் வாத்துக்குட்டி மேல்
ஜெர்மன்காரன் கேட்ட மண்டையோடு,
அதன் பல்லிடுக்கில்
எந்த ஆட்டக்காரனுடையதோ ஒரு ஏழாம் நம்பர்,
ரத்தான ஆர்டரின் ஊதா.
சனிக்கிழமை அதை உரித்துக் கழுவுவது என் முறை.
பதினொரு மாதம் கழுவவில்லை.
சூப்பர்வைசர் குப்புராஜ் மூன்று தரம் திட்டினார்,
நாலாம் தரம் சம்பளத்தில் பிடித்தார்.

நடுவர் ஒருவர் கேட்டார்:
இதில் நீங்கள் செய்தது என்ன?
கழுவாமல் விட்டதுங்க.
அவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர் சிரித்தார்.
மார்க்கைக் குறைத்தது எவரென்று தெரியாது.

கருமத்தம்பட்டி தாண்டியதும்
மேற்கு வெயில் சன்னலில் சாய்ந்தது.
அம்மா என்னைக் கேட்காமலே
செக்கைத் தூக்கிச் சன்னலுக்கு நிறுத்தினார்.
ஐம்பதாயிரம் வெளியே பார்த்தபடி வந்தது.
தெக்கலூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்
எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.
உள்ளே, எதுவும் எழுதாத பக்கத்தின் நிழலில்
பையன் வாய் திறந்து தூங்கினான்.
தெக்கலூர் முழுக்க நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
கை மரத்தது.

அவிநாசியில் இறங்கும்போது சொன்னார்:
"அடுத்த தடவை முருகரைப் போட்டுப் பாரு கண்ணு,
மொதப் பரிசே குடுத்துப்போடுவாங்க."

எட்டு மணிக்கு ஷிப்டு.
ஹாஸ்டல் கட்டிலுக்கடியில்
இது நுழையாது.