பதினாறு மாடி ஏறி இறங்கி ஏறினால்

பழுது பார்த்த மின்தூக்கியை ஓட்டிப் பார்க்கிற,
வேறு யாரும் ஏறாத அந்த நேரம்தான்
எனக்குப் பேச்சுப் பயிற்சி.
தோ பாயோவில் பதினாறு மாடி ஏறி இறங்கி ஏறினால்
சரியாக இரண்டு நிமிடம்.
அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேச வேண்டுமாம்
பரீட்சையில்.

‘அண்மையில் நீங்கள் போன ஒரு பயணம்.’
நான் போகாத பாலித் தீவைப் பற்றிச் சொல்கிறேன்.
கடல் நீலம். மீன் ருசி. மக்கள் அன்பானவர்கள்.
பொய்க்கு இலக்கணம் சுலபம்.
துவாஸிலிருந்து லாரியின் பின்புறம்
தார்ப்பாய் ஒழுக ஒழுக வரும் பயணத்துக்கு
எந்தக் காலத்தைப் போடுவது?
நேற்றும் வந்தேன், இன்றும் வந்தேன்,
நாளைக்கும் வந்தேன்.

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது.
மஞ்சள் தடுப்பை ஒதுக்கிவிட்டு
காய்கறிப் பையோடு ஓர் ஆன்ட்டி.
யாரோட பேசுறே?
எக்ஸாம், ஆன்ட்டி. இங்கிலீஷ் எக்ஸாம்.
நீ பேசுறது எனக்குப் புரியுதே, அப்புறம் என்ன எக்ஸாம்?
என்று கேட்டுவிட்டு
மூடும் பொத்தானை மூன்று தடவை அழுத்தினார்.
ஒரு தடவை போதும் என்று
நான் சொல்லவில்லை.

ஒன்பது வருஷமாக இந்த ஊரில்
ஒரே சொல்லை வைத்துப் பிழைத்திருக்கிறேன்.
கேன்.
முடியுமா என்றாலும் கேன், முடிந்ததா என்றாலும் கேன்.
இழுத்தால் சந்தேகம், வெட்டினால் கோபம்,
இரண்டு தரம் சொன்னால்
போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
இவ்வளவையும் சுமக்கும் சொல்லுக்கு
அந்தத் தாளில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

எழுத்துப் பகுதிக்காக
இருபது கடிதம் எழுதிப் பழகினேன்.
தங்காத ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை என்று மேலாளருக்கு.
நுழையாத நூலகத்தை இரவிலும் திறக்கச் சொல்லி நகரசபைக்கு.
இருபத்தோராவது நிஜக் கடிதம்:
அலுவலகப் பெட்டகத்தில் இருக்கும் என் பாஸ்போர்ட்
சனிக்கிழமை ஒருநாள் எனக்கு வேண்டும்.
ஐ வுட் பி கிரேட்ஃபுல் என்று தொடங்கி
நூற்று ஐம்பத்து மூன்று சொற்கள்,
மூன்று பத்தி, ஒரு பிழை இல்லை.
திருமதி கோ பதில் அனுப்பினார்:
ஓகே, கேன்.

வெள்ளி ராத்திரி
கீழ்க்கட்டில் மிசானுர் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டான்.
ஓர் ஆஸ்திரேலியக்காரி
ரயிலில் குடையைத் தொலைத்திருக்கிறாள்.
கைப்பிடி என்ன நிறம்? அதுதான் கேள்வி.
பன்னிரண்டு பேர் அறை.
ஒருவன் குழந்தைக்கு வீடியோவில் தாலாட்டு,
இன்னொருவன் வெங்காயம் நறுக்குகிறான்,
யாருடைய சலவையோ என் தலைமேல் சொட்டுகிறது.
அவள் குடை கடைசிவரை கிடைக்கவில்லை.
பழுப்பு என்றேன். மிசானுர் விடையைப் பார்த்தான்.
பச்சை, பாய்.

எவ்வளவு வேணுமாம்? என்றாள் பூங்கோதை, போனில்.
ஆறரை.
நூத்துக்கா?
ஒன்பதுக்கு.
அப்ப ரொம்ப இல்லியே என்றாள்.
அதற்குக் கட்டியது அரை மாசச் சம்பளம்
என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தண்ணீர்ப் போத்தலின் லேபிளை உரித்தேன்.
எழுத்து எதுவும் இருக்கக்கூடாதாம்.
பசை மட்டும் போகவில்லை, நகத்தால் சுரண்டி
தூங்கப் போகும்போது மணி ஒன்று.

பூகிஸ் பக்கம் ஓர் உயரக் கட்டடம்.
தேர்வு ஆறாம் மாடியில்.
என்னோடு ஏறிய எட்டுப் பேரும்
உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள்.
ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள்.
நான்காம் மாடி தாண்டும்போது எனக்குக் கேட்டது:
இடப்பக்க வழிகாட்டித் தண்டவாளத்தில் எண்ணெய் இல்லை,
காலணி தேய்ந்துவிட்டது,
இன்னும் ஒரு மாதம் தாங்கினால் அதிகம்.
கதவு திறந்தபோது
அரை விரற்கடை தாழ நின்றிருந்தது தளம்.

என்ன கோளாறு, எதனால், எத்தனை மணி நேர வேலை,
எல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் தெரியும்,
திக்காமல், இரண்டு நிமிடத்துக்கும் மேலே.

பார்த்து, படி இருக்கிறது என்று
பின்னால் வந்தவளிடம் தமிழில் சொன்னேன்.
அவள் சீனத்தி. தலையசைத்தாள்.
காலைச் சற்றுத் தூக்கி வைத்தாள்.